கணக்கை 'சாய்ஸ்'ல விட்டாச்சு!

14 + 16 + 5 = 35.

பத்தாவது பரீட்சைக்குப் படித்த யாருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஒரு மார்க் கேள்விகள் 14. ஜியாமெட்ரி எட்டு, கிராஃப் எட்டு, ஆக 16. முதல் பாடத்திலிருந்து ஒரே ஒரு அஞ்சு மார்க். கூட்டினால் கரெக்டாக 35. தம்பி பாஸ்! டியூஷன் சார், பக்கத்து வீட்டு அண்ணன், சித்தப்பா என்று எல்லார் வாயிலும் இந்த ஃபார்முலாதான். பித்தாகரஸ் தேற்றம்கூட இவ்வளவு ஃபேமஸ் கிடையாது பாஸ்! (எங்க பேட்ச்சுக்கு இதுவும் தேவைப்படலை. 2021-ல் கொரோனா புண்ணியத்தில் பத்தாவது பரீட்சையே நடக்காமல் 'ஆல் பாஸ்'. அது தனிக் கதை.)

ஃபார்முலாவைக் குறை சொல்ல முடியாது. ஃபெயிலாகி வீட்டில் உட்காருவதற்கு 35 எடுத்துப் பாஸாவது எவ்வளவோ மேல். எங்க விழுப்புரம் மாவட்டம் ரிசல்ட் பட்டியலில் பல வருஷம் கடைசி பெஞ்ச்சில் இருந்த மாவட்டம். 2018 பிளஸ் டூ ரிசல்ட்டில் மாநிலத்திலேயே கடைசி. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கணக்கு சார் முதலில் பையனைக் கரையேத்தப் பார்ப்பாரா, இல்லை கணிதத்தின் அழகைப் பற்றி லெக்சர் கொடுப்பாரா? ஆனா, அந்த 35-க்குப் பையன் கொடுக்கிற விலையை மட்டும் யாரும் கூட்டிப் பார்க்கலை.

அரையாண்டுத் தேர்வு முடிஞ்சதும் பல பள்ளிகளில் வகுப்பு ரெண்டாகப் பிரியும். ஒரு பக்கம் 'நல்லா படிக்கிற பசங்க', இன்னொரு பக்கம் 'மெல்லக் கற்போர்'. பேர் என்னவோ மரியாதையாத்தான் இருக்கு. ஆனா அந்த லிஸ்ட்டில் வந்துட்டா அப்புறம் தனிக் கையேடு, தினமும் ஒரு கிராஃப், ஒரு ஜியாமெட்ரி. அல்ஜீப்ரா, டிரிகோணமெட்ரி பக்கமெல்லாம் அவன் புத்தகத்தில் மே மாசம் வரைக்கும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

கேள்வித்தாளில் இன்னொரு கூத்து உண்டு. ரெண்டு மார்க்கில் 28-வது கேள்வியும், அஞ்சு மார்க்கில் 42-வது கேள்வியும் கட்டாயக் கேள்விகள். அதாவது சாய்ஸில் விட முடியாது. கொஞ்சம் சொந்தமா யோசிக்கச் சொல்ற கேள்வி பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். நம்ம ஆளுங்க என்ன சொல்லித் தர்றாங்க? "கம்பல்சரியைத் தொடாதே, டைம் வேஸ்ட்!" கட்டாயம்னு போட்டிருக்கிறதைத்தான் முதல்ல விடணுமாம். வடிவேலு காமெடிக்கே டஃப் ஃபைட்!

இந்த வாரப் பக்கத்துக்காக திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். சாயங்கால நேரம், ஒரு வீட்டுத் திண்ணையில் டியூஷன். எடுக்கிறவர் பி.எஸ்சி. கணக்கு முடிச்ச ஒரு அக்கா. முன்னாடி 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலரா இருந்தவர். (அந்தத் திட்டம் 2021 அக்டோபர் 27-ல் தொடங்கினதே நம்ம மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான்!) அங்கே பத்தாவது படிக்கிற ஒரு தம்பி எதிர் மாறல் கிராஃப் போட்டுட்டு இருந்தான். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

"சூப்பர் தம்பி, இந்த கிராஃப் என்ன சொல்லுது?"

"எட்டு மார்க்ணா."

"அது சரி. கோடு ஏன் இப்படி வளைஞ்சு இறங்குது?"

"அப்படித்தாண்ணா வரும். ஸ்கேல் வெக்கக் கூடாது, கையால போடணும்."

அக்கா சிரிச்சுட்டு அவங்க பாணியில் இறங்கினாங்க. "திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் 40 கிலோமீட்டர்னு வெச்சுக்கடா. பஸ் மணிக்கு 40 வேகத்துல போனா எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"80-ல போனா?"

"அரை மணி. ஆனா எந்த பஸ்ஸுக்கா 80-ல போவுது? விக்கிரவாண்டி டோல்கேட்லயே பாதி நேரம் நிக்கும்."

"20-ல போனா?"

"ரெண்டு மணி. அதுக்கு ஆட்டோலயே போயிடலாம்."

மூணு பதிலும் பேனாவைத் தொடாமல் வந்தது. அந்த மூணையும் புள்ளியா வைக்கச் சொன்னாங்க. வெச்சான். சேர்த்தான். அதே வளைவு! பேப்பரையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தவன் திடீர்னு, "அப்ப பஸ் எவ்ளோ ஸ்பீடா போனாலும் இந்தக் கோடு கீழ இருக்கிற கோட்டைத் தொடவே தொடாது, இல்லக்கா?" என்றான்.

மக்களே, எங்க எம்-1 கிளாஸில் பாதிப் பேருக்குத் தோணாத கேள்வி அது! அதைக் கேட்ட தம்பி 'மெல்லக் கற்போர்' லிஸ்ட்டில் இருக்கான். மாமாவோட பட்டறையில் டிராக்டர் இன்ஜினைப் பிரிச்சு மாட்டுற அளவுக்கு வேலை தெரியும். மெக்கானிக்கல் படிக்கணும்னு ஆசை. ஆனா பிளஸ் ஒன்னில் என்ன குரூப்னு கேட்டா, "கணக்கு இல்லாத குரூப் எதுனா..." என்று இழுக்கிறான். கணக்கில் 35 எடுத்தவனுக்கு ஃபர்ஸ்ட் குரூப் கொடுக்க எந்த ஸ்கூலும் யோசிக்கும். கொடுத்தாலும், டிரிகோணமெட்ரி பக்கத்தையே திறக்காதவன் அங்கே போய் என்ன பண்ணுவான்? பாலிடெக்னிக் போகலாமேன்னு சொல்றீங்களா? அங்கேயும் முதல் வருஷமே கணக்குதான் வாசலில் நிக்கும்.

நிஜமாவே இவங்களுக்கு மண்டையில் ஏறாதா? தமிழ்நாட்டு கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை வெச்சு பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்திருக்காங்க. கொரோனா லீவில் மொழிப் பாடத்தைவிடக் கணக்கில்தான் பசங்க ரொம்பப் பின்தங்கியிருந்தாங்க. ஆனா ஸ்கூல் திறந்து ஆறே மாசத்தில், இழந்ததில் மூணில் ரெண்டு பங்கைப் பிடிச்சுட்டாங்க. அதில் கிட்டத்தட்ட கால் பங்கு, இந்த அக்கா மாதிரி ஆட்கள் சாயங்காலம் சொல்லிக் கொடுத்ததால் வந்தது. திண்ணையில் ஒரு மணி நேரம் கிடைச்சா எழுந்து ஓடுற பசங்களை எதை வெச்சு 'மெல்ல'ங்கிறோம்?

சரி, லிஸ்ட்டில் இந்தப் பக்கம் இருந்து காலேஜ் வந்து சேர்ந்த நாம மட்டும் என்ன கிழிச்சோம்? விழுப்புரத்தில் ஒண்ணு, திண்டிவனத்தில் ஒண்ணுன்னு அண்ணா யுனிவர்சிட்டியின் இன்ஜினீயரிங் காலேஜே ரெண்டு இருக்கு. சுத்துவட்டாரத்தில் தனியார் காலேஜ்கள் வேற. இதில் எந்த ஹாஸ்டலுக்கு வேணா போய் 'எம்-1'னு சொல்லிப் பாருங்க, ஒரு பெருமூச்சாவது கேட்கும். கட்-ஆஃப் 200-ல் பாதி, அதாவது 100, கணக்குக்குத்தான். அந்த நூறை அள்ளிட்டு வந்தவனுக்கு எப்படி கணக்கில் அரியர் விழுது?

ரகசியம் ஒண்ணும் இல்லை. முன்னாடி பிளஸ் டூ கணக்குப் பேப்பருக்கு 200 மார்க். ஒரு மார்க்கில் 40, ஆறு மார்க்கில் பத்து, பத்து மார்க்கில் பத்து. எந்தப் பாடத்திலிருந்து எத்தனைன்னு புளூபிரின்ட்டே கையில் இருக்கும். எதை விடலாம்னு நம்ம சீனியர்கள் அதை வெச்சே போட்ட கணக்குதான் உண்மையான கணக்கு! பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வெச்ச தனியார் ஸ்கூல்கள் ஊருக்கு ஊர் இருந்தது. லிமிட், டிஃபரன்ஷியேஷன் ஆரம்பப் பாடம் எல்லாம் இருக்கிறது அந்த ஓரங்கட்டின புத்தகத்தில். இதைத் தடுக்கத்தான் 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வு வேண்டாம்னு சொல்லிடுச்சு. பசங்களுக்கு டென்ஷன் குறையும், சந்தோஷம். ஆனா பழைய குருடி கதவைத் திறடி ஆயிடுமோன்னு எனக்கு உள்ளுக்குள் உதறல்.

அந்தத் தம்பி கிராஃபை விட்டா வேற எதுவும் தொடலை. நாம லிமிட்டை விட்டுட்டு வந்தோம். ரெண்டு பேருக்கும் கணக்குன்னா எதை விடலாம்கிற சாமர்த்தியம்தான்.

இது ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்லைங்க. தேசியக் கலைத்திட்டம் 2005-க்காகக் கணிதக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் நம்ம சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர்.ராமானுஜம். பெரும்பாலான பசங்களுக்குக் கணக்குன்னா பயமும், தோத்துட்டோம்கிற நினைப்பும்தான் இருக்கு, பரீட்சை முறையே கணக்கை மெஷின் வேலையா மாத்துதுன்னு அதிலேயே தெளிவா இருக்கு. சின்ன வகுப்புகளில் கொஞ்சம் மாறவும் செஞ்சது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கின செயல்வழிக் கற்றல் 2007-ல் மாநிலம் முழுக்கப் போனது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. மணியும் கட்டையும் அட்டையுமா பசங்க தரையில் உட்கார்ந்து கணக்கு போட்டாங்க. அதே பசங்க ஒன்பதாவது வந்ததும் கட்டை போய் கையேடு வந்துடுது!

பெரிய வகுப்புக்கு விளையாட்டு செட் ஆகாதுன்னு யார் சொன்னது? சென்னை முத்தியால்பேட்டை ஸ்கூலில் கணக்கு வாத்தியாரா இருந்தவர் பி.கே.ஸ்ரீனிவாசன். 2005-ல் காலமாயிட்டார். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவானதில் அவர் பங்கு பெரிசு. காலண்டரை மட்டும் வெச்சு ஒரு கணக்குப் புத்தகமே எழுதினவர். நீங்களும் சுவத்தில் தொங்குற மாதக் காலண்டரை எடுங்க. பக்கத்துப் பக்கத்தில் நாலு தேதியைச் சதுரமா வளைச்சுக்குங்க. 8, 9, அதுக்குக் கீழே 15, 16. குறுக்கே கூட்டுங்க. 8 + 16 = 24. இந்தப் பக்கம் 9 + 15 = 24. எந்த மாசம், எந்த இடம் எடுத்தாலும் இதே கதைதான். ஏன்? முதல் தேதியை x-ங்கிறதுக்குப் பதிலா 'அ'ன்னு வெச்சுக்கிட்டா, மத்தது அ+1, அ+7, அ+8. ரெண்டு பக்கமும் 2அ+8. அவ்ளோதான், அல்ஜீப்ரா! திண்ணை அக்கா இதைச் செஞ்சு காட்டினப்ப, ஒரு ஏழாவது பாப்பா, "ஒம்போது தேதிய வளைச்சா என்னக்கா ஆகும்?" என்று அவளே ஆரம்பிச்சுட்டா. (நடுத் தேதியை ஒன்பதால் பெருக்கினால் மொத்தக் கூட்டல் வரும். செக் பண்ணிக்குங்க.)

ராமானுஜன்னதும் ஞாபகம் வருது. மேதையைப் பற்றி எல்லாரும் பேசுவாங்க, நம்ம ஏரியாவுக்கு அவர் வந்த கதை பலருக்குத் தெரியாது. எஃப்.ஏ. பரீட்சையில் கோட்டை விட்டுட்டு, கும்பகோணத்தில் வேலை இல்லாமல் இருந்த ராமானுஜன், 1910-ல் திருக்கோவிலூருக்கு வந்தார். அங்கே டெபுடி கலெக்டர் வி.ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பிச்சவரும் அவரேதான். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. மார்க் லிஸ்ட்டைப் பார்த்திருந்தா, 'போய்ட்டு வாப்பா'ன்னு அனுப்பியிருப்பார். அவர் வாங்கிப் பார்த்தது நோட்டுப் புத்தகத்தை! இவனைத் தாலுகா ஆபீஸில் உட்கார வெச்சா பாழாப் போயிடுவான்னு, வேலை கொடுக்காமல், சிபாரிசுக் கடிதம் கொடுத்து மெட்ராஸுக்கு அனுப்பி வெச்சார். அடுத்த வருஷமே, 1911-ல், கழகத்தின் பத்திரிகையில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்துடுச்சு.

ஒவ்வொரு மெல்லக் கற்போர் லிஸ்ட்டிலும் ஒரு ராமானுஜன் இருக்கான்னு டயலாக் விடப் போறதில்லை. நான் கேட்கிறது சின்ன விஷயம். அரையாண்டு மார்க்கை வெச்சு லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி, நோட்டை ஒரு தடவை புரட்டலாமே? அந்த 42-வது கேள்வியைக் கடைசியா இல்லாம, ஜூன் மாசம் முதல் நாளே போர்டில் எழுதிப் போட்டு, "தப்பாவே போடுங்கடா, பார்க்கலாம்"னு சொல்லலாமே? ஒரு கிளாஸில் அறுபது பேர் இருக்கிறப்ப சார் ஒருத்தரால் முடியாதுதான். சனிக்கிழமை சும்மா பைக்கில் சுத்துற நம்மால் முடியும்ல?

திண்ணை அக்கா அடுத்ததா மென்சுரேஷனை எடுத்திருக்காங்க. புத்தகத்தில் இல்லை, மல்லாட்டைக் கொல்லையில்! எங்க பக்கம் பெரியவங்க இன்னும் நிலத்தைக் காணிக் கணக்கில்தான் சொல்வாங்க. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. "காணிக்கு 132 சென்ட்"னு தாத்தாக்கள் மனப்பாடமா ஒப்பிப்பாங்க. அது சரியான்னு பார்க்க பசங்க 24 அடிக் கயிறோட கிளம்பிட்டாங்க. ஒரு குழி 576 சதுர அடி, ஒரு காணி 57,600. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்துப் பார்த்தா 132.23 வருது.

நம்ம கிராஃப் தம்பி விடலை. அந்த மிச்சப் புள்ளி ரெண்டு மூணு எங்கே போச்சுன்னு நேரா தாத்தாகிட்ட போய்க் கேட்டிருக்கான்.

"அது வரப்புக்குப் போச்சுடா"ன்னாராம் தாத்தா.