மட்டையும் மழலையும்

முதியோர் இளையோர்க்கு வழங்கும் செல்வங்கள் பலவகைப்படும். நிலமும் வீடும் அவற்றுள் ஒருவகை. கல்வியும் தொழிலும் மற்றொரு வகை. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் வகை ஒன்றும் உண்டு. தாம் எதனைக் கண்டு மகிழ்கின்றனரோ, அதனைக் குழந்தையும் கண்டு மகிழுமாறு செய்வதே அது. நிலத்தைப் பகிர்ந்தால் அளவு குறையும். மகிழ்ச்சியைப் பகிர்ந்தால் அஃது இருவரிடத்தும் முழுமையாக நிற்கும். இசையில் ஈடுபாடு உடைய தாய் தன் மகளுக்கு இசையின் சுவையை ஊட்டுகிறாள். உழவில் ஈடுபாடு உடைய தந்தை தம் மகனை வரப்பின்மேல் நடத்திச் சென்று பயிரின் இயல்பைக் கூறுகிறார். அவ்வாறே விளையாட்டில் விருப்பம் உடையோர் அவ்விருப்பத்தைச் சிறு குழந்தையோடு பகிர்ந்துகொள்வதும் சிறந்ததொரு கொடையே ஆகும்.

சத்தியமங்கலத்தில் மாலைப்பொழுது. மேற்கே மலைத்தொடர் கருநீலமாகத் தோன்றுகிறது. பவானியாற்றங்கரைத் தோப்பு ஒன்றில் முதியவர் ஒருவர் நிற்கிறார். விடியுமுன் எழுந்து மல்லிகை பறித்துச் சந்தைக்கு அனுப்பியவர் அவர். பகலெல்லாம் தோட்டத்தில் உழைத்தவர். ஆயினும் இப்பொழுது அவர் முகத்தில் களைப்பு இல்லை. கீழே கிடந்த தென்னைமட்டை ஒன்றை எடுத்து, அதன் ஒடுங்கிய பக்கத்தை அரிவாளால் செதுக்கிக் கைப்பிடி ஆக்குகிறார். அகன்ற அடிப்பக்கம் பந்தை அடிப்பதற்கு உரியதாகிறது. ஐந்து வயதுப் பேரன் அதனை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு தென்னைமரத்தின் முன் நிற்கிறான். அம்மரமே விக்கெட். முதியவர் ரப்பர்ப் பந்தை மெல்ல உருட்டிவிடுகிறார். மூன்று முறை பந்து தப்பிப் போகிறது. நான்காம் முறை மட்டையில் பட்டு நாலடி தூரம் ஓடுகிறது. அந்நாலடியும் சிறுவனுக்கு நாலு காதமாகத் தோன்றுகிறது. "அப்புச்சி, இன்னும் ஒரு பந்துங்க!" என்று கூவுகிறான். தாயின் தந்தையை அப்புச்சி என்று அழைப்பது கொங்கு நாட்டார் வழக்கம். அந்த 'இன்னும் ஒரு பந்து' இருள் சூழும்வரை முடிவதில்லை.

இக்காட்சி தமிழகத்தின் ஊர்தோறும் காணத் தக்கதே. கிரிக்கெட் ஆட்டத்தில் பயன்படும் கருவிக்கு மட்டை என்று தமிழர் பெயரிட்டனர். தென்னையும் பனையும் தரும் மட்டையையே பல தலைமுறைச் சிறுவர்கள் முதற்கருவியாகக் கையில் ஏந்தினர். ஆதலின் அப்பெயர் அவர்கட்கு முற்றும் பொருந்துவதாயிற்று.

இவ்வாட்டம் அயல்நாட்டினின்று வந்தது; இதனை நம் குழந்தைகட்கு ஊட்டுதல் வேண்டுமோ என்று வினவுவாரும் உளர். வந்த வழி அயல்வழியே என்பதில் ஐயமில்லை. 1846-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சென்னையில் தமக்கெனக் கிரிக்கெட் கழகம் ஒன்று அமைத்தனர். எனினும், 1888-ஆம் ஆண்டிலேயே புச்சி பாபு நாயுடு என்பார் இந்தியர்களுக்காகச் சென்னை ஐக்கியக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1908-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபொழுது அவருடைய மைந்தருள் ஒருவரான கோட்டா இராமசாமிக்குப் பன்னிரண்டு வயது. தந்தை மறைந்தும் அவர் ஊட்டிய விருப்பம் மறையவில்லை. இராமசாமி தம் நாற்பதாம் வயதில், 1936-ஆம் ஆண்டில், இங்கிலாந்து சென்று இந்திய அணியில் ஆடினார். பின்னர், வானொலியில் கூத்தபிரான், அப்துல் ஜப்பார் முதலியோர் ஆட்டத்தைத் தமிழிலேயே வருணித்தபொழுது, ஆங்கிலம் அறியாத பாட்டியும் பேரனோடு அமர்ந்து ஓட்டங்களை எண்ணத் தொடங்கினாள். ஒரு விளையாட்டு எந்நாட்டில் பிறந்தது என்பதைக் காட்டிலும், எவ்வீட்டு முற்றத்தில் வளர்கிறது என்பதே கருதத் தக்கது. சடுகுடுவும் வாழ்க, மட்டைப்பந்தும் வாழ்க. ஒன்றை விரும்புவதற்கு மற்றொன்றை வெறுத்தல் வேண்டுவதில்லை.

விருப்பம் எவ்வாறு பகிரப்படுகிறது என்பதற்குச் சென்னைத் திருவல்லிக்கேணியில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் காட்டலாம். அங்கே சுந்தர் என்னும் சிறுவர் வறுமையிடையே வளர்ந்தார். கிரிக்கெட்டில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். படைத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாஷிங்டன் என்னும் பெரியவர், சிறுவர்கள் ஆடுவதைக் காண மெரினாத் திடலுக்கு வருவது வழக்கம். சுந்தரின் ஆட்டம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அன்றுமுதல் அவர் அச்சிறுவருக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தினார். நூல்களும் சீருடையும் வாங்கித் தந்தார். தம் மிதிவண்டியில் ஏற்றித் திடலுக்கு அழைத்துச் சென்றார். உறவினர் அல்லர்; கைம்மாறு கருதினாரும் அல்லர். 1999-ஆம் ஆண்டில் அப்பெரியவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே பிறந்த தம் மகனுக்குச் சுந்தர் வாஷிங்டன் என்று பெயர் சூட்டினார். அம்மகனுக்குத் தாமே பந்து வீசிப் பழக்கினார். தாம் பெற்றதை அவ்வாறே அடுத்த தலைமுறைக்கு வழங்கினார்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராசனின் வரலாறும் இதனை ஒத்ததே. தந்தையார் நெசவுத் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் சிறுகடை நடத்தியவர். நடராசன் தெருவிலும் பொட்டலிலும் டென்னிஸ் பந்து கொண்டு ஆடிப் பழகினார். அவ்வூரினராகிய ஜெயப்பிரகாஷ் அவரைத் தம்பியெனக் கொண்டு ஊக்கினார். சென்னைக்கு அழைத்துச் சென்று வழிகாட்டினார். அந்நன்றியை மறவாத நடராசன் தம் ஆட்டச் சட்டையில் ஜெயப்பிரகாஷின் பெயர்முதல் எழுத்துகளைத் தம் பெயரோடு சேர்த்துப் பொறித்துக்கொண்டார்.

2021-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் டெஸ்ட் ஆட்டம் ஒன்று தொடங்கியது. மூத்த ஆட்டக்காரர் பலர் காயமுற்று ஒதுங்கியிருந்தனர். அன்று இந்திய அணியில் முதன்முறையாக டெஸ்ட் ஆட இறங்கியோர் இருவர். ஒருவர் நடராசன், மற்றவர் வாஷிங்டன் சுந்தர். முதல் ஆட்டப்பகுதியில் இருவரும் மும்மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினர். அணி தளர்ந்த நேரத்தில் வாஷிங்டன் சுந்தர் 62 ஓட்டங்கள் எடுத்து, சர்துல் தாக்கூருடன் சேர்ந்து 123 ஓட்டங்கள் குவித்தார். ஐந்தாம் நாள் இந்தியா மூன்று விக்கெட் வேறுபாட்டில் வென்றது. ஆஸ்திரேலிய அணி அக்களத்தில் தோல்வியே காணாது கழித்த முப்பத்திரண்டு ஆண்டுகள் அன்று முடிவுற்றன. களத்தில் நின்றோர் அவ்விளைஞர்கள். ஆயினும், மெரினாத் திடலில் நின்ற முதியவர் ஒருவரும், சின்னப்பம்பட்டிப் பொட்டலில் நின்ற அண்ணன் ஒருவரும் கண்ணுக்குப் புலப்படாமல் அவர்தம் பின்னே நின்றனர் என்று கூறுதல் மிகையாகாது.

இதனால், குழந்தையோடு ஆடுதல் அதனைப் பெரும்புகழ் பெறச் செய்வதற்கே என்று கருதிவிடலாகாது. மட்டை ஏந்தும் சிறுவர்களுள் நாட்டுக்காக ஆடுவோர் மிகச் சிலரே. ஏனையோர்க்கு அவ்வாட்டம் பயனற்றதோ? அன்று. பந்து மரத்தில் பட்டதா, படவில்லையா என்று வழக்கு எழும்பொழுது, "பட்டது" என்று தானே ஒப்புக்கொண்டு மட்டையை நீட்டும் சிறுவன் ஒரு நூலாலும் எளிதிற் பெறமுடியாத அறத்தைப் பெற்றுவிடுகிறான். தோற்றபின்னும் மறுநாள் ஆட வருகின்றவன் மனவுறுதியைப் பெறுகிறான்.

இவ்வறத்தைக் கற்பிக்கும் கடமை மூத்தோர்க்கு என்றும் உண்டு. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் கோயம்புத்தூரில் துலீப் கோப்பை இறுதியாட்டம் நடைபெற்றது. மேற்கு மண்டல அணியின் இளைஞர் யஷஸ்வி ஜெய்ஸ்வால் அவ்வாட்டத்தில் 265 ஓட்டங்கள் எடுத்திருந்தார். ஆயினும், எதிரணி ஆட்டக்காரரிடம் அவர் வரம்பு மீறிப் பேசியபொழுது, அணித்தலைவர் அஜிங்க்ய ரகானே அவரைக் களத்தை விட்டு வெளியேறச் செய்தார். வெற்றிக்குத் துணைநின்றவன் என்று விட்டுவிடவில்லை. தம் இளையவனை மூத்தவரே திருத்தினார். கண்டிப்பும் அன்பின் ஒரு பகுதியே என்பதைக் கொங்கு நாட்டுத் திடல் அன்று கண்டது.

ஈண்டு எச்சரிக்கை ஒன்றும் கூறுதல் வேண்டும். தம் நிறைவேறாத ஆசையைக் குழந்தையின் தோளில் ஏற்றும் பெற்றோர் இக்காலத்தில் பெருகி வருகின்றனர். பால்பற்கள் விழுமுன்னரே பயிற்சிக்கூடத்தில் சேர்க்கின்றனர். ஓட்டம் குறைந்தால் வீடு திரும்பும் வழியெல்லாம் கடிந்துரைக்கின்றனர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பழமொழியையும் துணைக்கு அழைக்கின்றனர். ஐந்தில் வளைத்தல் வேறு. ஐந்தில் ஒடித்தல் வேறு. அக்குழந்தை விரைவில் மட்டையைக் கண்டாலே அஞ்சுகிறது. மற்றொருபுறம், கைப்பேசியைக் குழந்தையின் கையில் தந்து, ஆட்டத்தைத் தனியே காணவிட்டுத் தம் வேலையைப் பார்ப்போரும் உளர். முன்னவர் குழந்தைக்குச் சுமையைத் தருகின்றனர். பின்னவர் தனிமையைத் தருகின்றனர். இருவருமே மகிழ்ச்சியைப் பகிர்ந்தவர் ஆகார்.

உலகம் போற்றும் டான் பிராட்மன் ஆஸ்திரேலியாவின் பௌரல் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். வீட்டின் பின்புறத்து நீர்த்தொட்டியின் அடிச்சுவரில் சிறு பந்தை எறிந்து, அது திரும்பி வருகையில் ஒரு கோலால் அடிப்பதே அவருடைய இளமை விளையாட்டு. அவருடைய அன்னையாரும் அவருக்குப் பந்து வீசியதுண்டு. தச்சுத் தொழில் புரிந்த தந்தையார், 1921-ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயது மகனைச் சிட்னிக்கு அழைத்துச் சென்று டெஸ்ட் ஆட்டம் காட்டினார். இவ்வளவே அப்பெற்றோர் செய்தது. உடன் ஆடினர், உடன் கண்டனர். மற்றவற்றைச் சிறுவரின் விருப்பத்திற்கே விட்டனர். பின்னாளில் டெஸ்ட் ஆட்டங்களில் அவர் பெற்ற 99.94 என்னும் சராசரியை எவரும் நெருங்கியதில்லை. அவ்வெண்ணை எவரும் அவர்மேல் சுமத்தவில்லை. அது விருப்பத்தின் விளைவாகவே வந்தது.

பகிர்வதில் ஆண் பெண் என்னும் வேற்றுமையும் ஆகாது. தம்பி மட்டை பிடிக்க, அக்காள் பந்து பொறுக்கித் தரும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உள்ளது. 2013-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் தமிழகத்தின் திருஷ் காமினி சதம் அடித்தார். மகளிர் உலகக் கோப்பையில் சதம் கண்ட முதல் இந்தியப் பெண் அவரே. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இந்திய மகளிர் அணி அக்கோப்பையையே வென்றது. அவ்வணியில் ஆடியோரும் ஒருகாலத்தில் முற்றத்தில் தம் முறைக்காகக் காத்து நின்ற சிறுமியரே.

மாணவர்களே! இக்கடமை முதியோர்க்கு மட்டும் உரியதன்று. உங்கள் தெருவில் நீங்கள் ஆடும்பொழுது, எல்லைக்கு வெளியே ஒரு சிறுவனோ சிறுமியோ நிற்பதைக் காண்பீர்கள். சாக்கடையில் விழுந்த பந்தை எடுத்துவர அக்குழந்தையையே ஏவுவீர்கள். மிகவும் கெஞ்சினால், 'ஒப்புக்குச் சப்பாணி' என்று பெயரளவில் சேர்த்துக்கொள்வீர்கள். ஆட்டம் முடியும்வரை மட்டை அதன் கைக்கு எட்டாது. அக்குழந்தையின் ஏக்கத்தை நீங்கள் அறியாதவர் அல்லீர்; சில ஆண்டுகளுக்கு முன் நீங்களும் அவ்விடத்தில் நின்றவர்களே. ஆதலின், ஒருநாள் மட்டையை முதலில் அக்குழந்தையிடம் தாருங்கள். ரப்பர்ப் பந்தை மெல்ல வீசுங்கள். தப்பினால் நகையாதீர்கள், அடித்தால் கைதட்டுங்கள். அவுட் ஆனால் அவுட் என்றே கூறுங்கள். பொய்யாக வெல்லவிடுவது அன்பன்று.

சத்தியமங்கலத்துத் தோப்பில் இருள் சூழ்ந்துவிட்டது. பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. முதியவர் ஒரு கையில் மட்டையையும் மறுகையில் பேரனின் விரலையும் பற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார். அம்மட்டை சில நாட்களில் காய்ந்து அடுப்புக்கு விறகாகும். ஆனால் அம்மாலைப்பொழுது அச்சிறுவனின் நெஞ்சில் நெடுங்காலம் நிற்கும். அவனும் முதியவனாகி, தன் பேரனுக்காக மட்டை ஒன்றைச் செதுக்கும் நாளில், அப்புச்சி தந்த கொடை முழுமை பெறும்.