கண்ணுக்குள் ஒரு கண்ணாடி

பிள்ளை சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தால், "நிறையப் படித்தவன்" என்று பெருமை. பெண் போட்டிருந்தால், "லட்சணமாகத்தான் இருக்கிறாள், ஆனால் கண்ணாடி..." என்று ஓர் இழுப்பு. இந்த நியாயம் எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ! ஆனால் இதன் பலனாக, கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததுமே பல தாய்மார்களுக்குக் காண்டாக்ட் லென்ஸ் ஞாபகம் வந்துவிடுகிறது. காலேஜுக்கும் ஆபீசுக்கும் போகும் பெண்களோ தங்கள் சௌகரியத்துக்காகவே அதை விரும்புகிறார்கள். தாய், மகள் இருவரும் சேர்ந்து இந்த வாரப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு விஷயம். கண்ணின் முன்பக்கம் பளிங்குபோல் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதற்குக் கார்னியா என்று பெயர். உடம்பில் மற்ற இடங்களுக்கெல்லாம் பிராணவாயுவை ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. கார்னியாவில் ரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் அது தெளிவாக இருக்குமா? ஆகையால் அது வெளிக்காற்றிலிருந்து, கண்ணீரின் வழியாக, தனக்கு வேண்டிய பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் மூடி போட்டால் மூச்சுத் திணறும் அல்லவா? லென்ஸின் கதை முழுவதும் இந்த ஒரு சங்கடத்தைத் தீர்த்த கதைதான்.

1888-ல் அடால்ப் பிக் என்ற ஜெர்மானிய டாக்டர் கண்ணாடியால் செய்த லென்ஸை முதலில் முயல்களுக்கும், பிறகு தமக்கும் வைத்துப் பார்த்தார். விழியின் வெள்ளைப் பகுதியையும் சேர்த்து மூடிய அந்தக் கனத்த லென்ஸைச் சில மணி நேரத்துக்குமேல் தாங்க முடியவில்லை. 1948-ல் அமெரிக்காவில் கெவின் டூஹி என்பவர் கார்னியாவை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸைச் செய்தார். அளவு குறைந்தது, ஆனால் அந்தப் பிளாஸ்டிக் வழியே காற்றுப் புகாது.

மெதுவான லென்ஸ் பிறந்தது எங்கே தெரியுமா? வீட்டுச் சமையலறை மேஜையில்! செக் நாட்டு விஞ்ஞானி ஒட்டோ விக்டர்லே, நீரை உறிஞ்சி மிருதுவாகும் ஒரு பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்திருந்தார். அதில் லென்ஸ் செய்யும் ஆராய்ச்சியை மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள். மனிதர் சும்மா இருக்கவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், மகனுடைய விளையாட்டுச் சாமான் பெட்டியையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு யந்திரம் கட்டினார். மனைவியும் கூட உதவினார். இன்று உலகில் பெரும்பாலோர் அணியும் 'ஸாப்ட் லென்ஸ்' அதன் வழி வந்ததுதான்.

இனி, கடையில் என்னென்ன கிடைக்கும் என்று பார்க்கலாம்.

ஸாப்ட் லென்ஸ் முதல் நாளே பழகிவிடும். 1990-களின் கடைசியில் வந்த 'ஸிலிகான் ஹைட்ரோஜெல்' ரகம் காற்றை முன்னைவிடத் தாராளமாக விடுகிறது. இதிலேயே தினம் ஒன்றாக எறிந்துவிடுவது, இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று பிரிவுகள் உண்டு. தினம் எறிவதில் செலவு அதிகம்; ஆனால் கழுவும் வேலை இல்லை, தொற்றுக்கும் இடம் குறைவு. எப்போதாவது கல்யாணம் கச்சேரிக்கு மட்டும் அணிகிறவர்களுக்கு இதுவே உத்தமம்.

காற்றை விடும் கெட்டி லென்ஸ் இன்னொரு வகை. முதல் சில நாள் தூசி விழுந்ததுபோல் உறுத்தும். பொறுத்துக்கொண்டால் பார்வை மிகத் தெளிவு. பல மாதங்கள் உழைக்கும். கார்னியா கூம்புபோல் முன்தள்ளும் நோய் உள்ளவர்களுக்கு இதையோ, வெள்ளை விழிமேல் அமரும் பெரிய 'ஸ்கிளீரல்' லென்ஸையோ டாக்டர்கள் சிபாரிசு செய்வார்கள்.

கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று போட்டிருந்தால் 'டோரிக்' லென்ஸ். நாற்பதுக்குமேல் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறும் நமக்கு 'மல்டிபோகல்'. புடவைக்குப் பொருத்தமாக வர்ண லென்ஸும் உண்டு. பவர் இல்லாவிட்டாலும் அதையும் டாக்டரிடம் அளவு பார்த்தே வாங்க வேண்டும். அக்கா அணிந்ததைத் தங்கை அணிவது கூடவே கூடாது, வளையலல்ல, மாற்றிக்கொள்வதற்கு!

மாத லென்ஸ் என்றால் மாதம் பூராவும் கண்ணிலேயே கிடக்கலாம் என்று அர்த்தமல்ல. இரவில் கழற்றிவிட வேண்டும். பகல் தூக்கத்துக்கும் அப்படியே. இமை மூடியிருக்கும்போது கார்னியாவுக்குக் காற்றுக் குறைவு; லென்ஸும் இருந்தால் இன்னும் குறைவு. கிருமி பற்றும் அபாயம் பல மடங்கு ஏறுகிறது.

இங்கேதான் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி விஷயத்தை மறைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தால், புக்ககத்தில் அந்தப் பெண் லென்ஸை எங்கே கழற்றுவாள், எங்கே கழுவுவாள்? யாருக்கும் தெரியக்கூடாதே என்று கண்ணில் வைத்துக்கொண்டே தூங்குவாள். கண் சிவந்தாலும் வாய் திறக்கமாட்டாள். கார்னியாவில் புண் வந்தால், ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கக்கூடும். ஒரு சொல்லை மறைக்கப் போய்க் கண்ணையே பணயம் வைக்கலாமா? பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்காக வேண்டாம் என்கிறவர்கள் போகட்டும்.

அணியும் முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். தண்ணீர் அதற்கு ஜன்ம விரோதி. குழாய்த் தண்ணீரில் அகாந்தமீபா என்ற கிருமி இருக்கக்கூடும். அது கார்னியாவைப் பற்றினால் குணமாக மாதக்கணக்கில் ஆகும். கொதித்து ஆறிய தண்ணீரும், உமிழ்நீரும்கூட ஆகாது. அதற்கென்று விற்கும் திரவத்திலேயே கழுவ வேண்டும். நேற்றைய திரவத்தைக் கொட்டிவிட்டுத் தினமும் புதிதாக ஊற்றுங்கள். டப்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குளிக்கும்போது லென்ஸ் வேண்டாம். பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு லென்ஸ் பக்கமே போகாதீர்கள். லென்ஸ் வைத்த பிறகு மை. கழற்றிய பிறகு முகம் கழுவுதல்.

லென்ஸ் நழுவிக் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். இமையின் உள்தோல் மடிந்து விழியோடு ஒட்டியிருப்பதால் அந்த வழி அடைபட்டது. இமைக்குள் ஒதுங்கலாம், அவ்வளவுதான்.

மூக்குக் கண்ணாடியின் நம்பரும் லென்ஸின் நம்பரும் பல சமயம் ஒன்றாக இராது. விழியின் வளைவையும் அளக்க வேண்டும். எனவே டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். பழைய கண்ணாடியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; இரவுக்கும், கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவும் அது வேண்டும். சிவப்பு, வலி, வெளிச்சத்தில் கூச்சம், மங்கல் இவற்றில் எது கண்டாலும் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு, அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.