உள்ளங்கை அளவு மத்தி

நான் கொச்சிக்குக் குடிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. நாகர்கோவிலில் 'சாளை' என்று வாங்கிய மீனை இங்கே 'மத்தி' என்று கேட்டு வாங்கப் பழகிவிட்டேன். பெயர்தான் வேறு, சாமானியர் வீட்டுக் குழம்புச் சட்டிக்கு இரண்டு ஊரிலும் அதுவே துணை.

சென்ற மாதம் சந்தையில் விரல் நீள மத்தியைக் குவித்து வைத்திருந்தார்கள். விலை மலிவு. "இவ்வளவு சின்னதைப் பிடிக்கலாமா?" என்று மீன்கார சேச்சியைக் கேட்டேன். "சார் வாங்குவதால்தானே வருகிறது" என்றார். நானும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

கேரளக் கடலில் சட்டம் இல்லாமல் இல்லை. நாட்டுப்படகு மீனவர்களின் போராட்டமும், கேரளப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாலகிருஷ்ணன் நாயர் போன்றோரின் ஆய்வும் சேர்ந்துதான் மழைக்கால இழுவலைத் தடையை 1988 முதல் நிலைநிறுத்தின. 2015-ல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் விதிக்கப்பட்டது; பின்னர் இன்னும் பல வகைகள் சேர்ந்தன. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. இதற்கு அடிப்படை தந்தது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். அதுவும் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து வந்ததுதான். 1947-ல் சென்னையில் தொடங்கி, மண்டபத்தில் வளர்ந்து, 1971-ல் கொச்சிக்குக் குடிபெயர்ந்தது.

கணக்கு எளிது. ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகு மீனைப் பிடித்தால் அடுத்த ஆண்டும் மீன் இருக்கும். மத்தி முட்டையிடும் பருவத்தை எட்டுவது 10 சென்டிமீட்டரையும் தாண்டி வளர்ந்த பிறகே. ஆகவே இந்த அளவே தாராளமானது.

2012-ல் கேரளத்தில் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் கிடைத்தது வெறும் 3,297 டன். குஞ்சு மீனைப் பிடித்தது மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. கடல்நீரின் வெப்பமும் மழையின் போக்கும் மத்தியைப் பாதிக்கின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் கடலின் சூட்டை நம்மால் தணிக்க முடியாது. பையில் எதைப் போடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

டீசலுக்குக் கடன்பட்டுக் கடலுக்குப் போகிறவர் வலையில் விழுந்ததை விட மனம் வருமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் மீனவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்கிறேன். குஞ்சு மீனைத் தூளாக்கும் தீவன ஆலைகளை அரசுதான் அடக்க வேண்டும். நம் அடுக்களைக்கு அரசு வர வேண்டியதில்லை.

நம் சங்கம் இந்த அளவுகளைத் தமிழில் அச்சிட்டு, வரும் ஆண்டு நாட்காட்டியோடு வீடு தோறும் தரலாம். அதுவரை கையே அளவுகோல்: விரல்களை விட்டுவிட்டால் உள்ளங்கையின் நீளம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்த மத்தியைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வருவோம். சேச்சியிடம் காரணத்தையும் சொல்லிவிட்டு வருவோம்.