இண்டக்டருக்கும் வோல்டேஜ் உண்டு ஐயா!

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏசி. அதை டிசி ஆக்கினால் உச்சம் சுமார் 325 வோல்ட். சாதாரண எல்ஈடி பல்புக்குள் இருக்கும் சுண்டைக்காய் அளவு காயில் அந்த வோல்டேஜின் அடியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வாங்குகிறது.

ஆனால் காயில் தேர்ந்தெடுப்பவர்கள் கேட்பது என்ன? எத்தனை ஹென்றி, எத்தனை ஆம்பியர், என்ன விலை. அவ்வளவுதான்! கெப்பாசிட்டர் வாங்கும்போது மட்டும் மறக்காமல் வோல்ட் கேட்பார்கள்.

"டேட்டாஷீட்டில் போடவில்லையே" என்பார்கள். போடவில்லை என்றால் எவ்வளவும் தாங்கும் என்று அர்த்தமா? தயாரித்தவர் உறுதி சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொரு சமாதானமும் உண்டு. "நூறு சுற்றுக்கு 300 வோல்ட், சுற்றுக்கு 3 வோல்ட்தானே!" ஒரே அடுக்காகச் சுற்றியிருந்தால் சரி. போய்த் திரும்பி இரண்டு அடுக்காகச் சுற்றினால்? முதல் சுற்றின் தலைமேல் நூறாவது சுற்று உட்காரும். அங்கே முழு 300 வோல்ட்! நடுவில் இருப்பதோ மைக்ரான் கணக்கில் எனாமல் பூச்சு. அதுவும் சூட்டில் நாளுக்கு நாள் நொந்துகொண்டே வரும்.

ஒருநாள் பூச்சு விட்டுப்போகும். சுற்றுகள் ஷார்ட் ஆகும், இண்டக்டன்ஸ் சரியும், கரண்ட் எகிறும், மாஸ்ஃபெட் வெடிக்கும். பழி மாஸ்ஃபெட் மேல்! புதிது போட்டால் அதுவும் போகும்.

தயாரிப்பாளரிடம் வோல்டேஜைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் சொல்கிறவரிடம் வாங்குங்கள். கெட்டியான இன்சுலேஷன் உள்ள கம்பி, அடுக்குகளுக்கு நடுவே டேப்... இதற்கெல்லாம் ஆகும் செலவு சில்லறை. அந்தச் சில்லறையை மிச்சம் பிடிப்பவர் ஒருவர், நஷ்டக் கணக்கு எழுதுபவர் இன்னொருவர். இது என்ன நியாயம்?