சிம்மாசனம் எதற்கு?

பட்டினப்பாக்கத்தில் என் தமக்கை வீட்டுக் கடைசி அறையின் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். இரண்டு வருஷங்களாக அந்த ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. அதன் முன்னால் மூன்று பெரிய கணினித் திரைகள் நிற்கின்றன. திரைகளுக்கு எதிரே ஓர் அலுமினியச் சட்டம், அதன்மேல் பந்தயக் காரின் ஆசனம், எதிரே ஸ்டியரிங், காலடியில் மூன்று பெடல்கள். எஞ்சினும் சக்கரமும் மட்டும்தான் பாக்கி. இதற்குச் 'சிம் ரேசிங் காக்பிட்' என்று பெயர். நிஜப் பந்தயப் பாதைகளை லேசர் கொண்டு அங்குலம் அங்குலமாக அளந்து செய்த நகல்களில், உலகத்தின் வேறு மூலைகளில் இதேபோல் உட்கார்ந்திருப்பவர்களோடு, வீட்டை விட்டு நகராமல் கார் ஓட்டிப் போட்டியிடுவது. ஆசனத்தில் அமர்பவன் என் மருமான். முப்பத்து மூன்று வயது, நல்ல உத்தியோகம். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதைத் தமக்கை இந்த யந்திரத்தின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறாள்.

நான் யார் கட்சி என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருவர் கட்சியிலும் இல்லை. இருவரோடும் சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன்.

"இந்த வயசில் பொம்மைக் கார் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்பது தமக்கை கட்சியின் கோஷம். அவள் மட்டுமல்ல, அந்தத் தெருவே அப்படித்தான் கேட்கிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் நாவல் படிக்கிறவர்கள் என்பதுதான் வேடிக்கை. பிறக்கவே பிறக்காத ஒருத்தியின் கல்யாணம் நின்றுபோனதற்காக இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து அழுததாக எனக்கே கடிதம் எழுதியவர்கள் இவர்கள். இல்லாத பெண்ணுக்காக அழுவது ரசனை, இல்லாத காரை ஓட்டுவது பைத்தியம் என்றால், அந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை, அம்மா!

பொம்மை என்று இளப்பமாகச் சொல்கிறவர்கள் ஒரு சரித்திரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்று ஒருவர். அவர் தகப்பனாருக்கு ஆர்கனும் பியானோவும் செய்யும் தொழிற்சாலை. ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளை எடுத்து, மரத்தால் ஒரு குட்டி விமானம் பண்ணி, அதை அந்தத் துருத்திகளின்மேல் ஏற்றி ஆடவும் சாயவும் செய்தார். 1929-ல் அது தயாராயிற்று. ராணுவம் திரும்பிப் பார்க்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தாம் வாங்கினார்கள். 1934-ல் விமானத் தபால் சுமக்கும் வேலை ராணுவத்தின் தலையில் விழுந்தது. மூடுபனியிலும் புயலிலும் பழக்கமில்லாத விமானிகள் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். அப்போதுதான் அந்தப் 'பொம்மை'யில் ஆறு வாங்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானி ஆனவர்களில் பெரும் பகுதியினர் அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெட்டிக்குள் வானம் இல்லை, மேகம் இல்லை. மூடி போட்டுவிடுவார்கள், உள்ளே சில முள் கருவிகள் மட்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இனி மருமான் கட்சி. அவனிடம்தான் எனக்கு உண்மையான கோபம்.

அவன் துவங்கியது ஒரு பலகையில். சாப்பாட்டு மேஜைமேல் பலகையைக் கிடத்தி, அதில் ஒரு சாதாரண ஸ்டியரிங்கைத் திருகி மாட்டி, பிரேக்கை மிதித்தால் பெடல் வழுக்கி ஓடாமலிருக்கச் சுவரோடு அண்டக் கொடுத்து ஓட்டினான். அப்புறம் மந்தைவெளியில் வெல்டரைப் பிடித்து இரும்புக் குழாயில் சட்டம். கடற்காற்று அதை எட்டே மாதத்தில் துருவாக்கி விட்டது. புதுப்பேட்டைக்குப் போய் உடைத்த காரிலிருந்து ஆசனம். அம்பத்தூரிலிருந்து அலுமினியம். ஒரு திரை மூன்றாயிற்று. பல்சக்கரம் வைத்த பழைய ஸ்டியரிங் இரண்டு நியூட்டன் மீட்டர் சுமாருக்குத்தான் கையை எதிர்த்துத் தள்ளும். அது போய், மோட்டாரின் தண்டிலேயே நேராக மாட்டிய பன்னிரண்டு நியூட்டன் மீட்டர் பூதம் வந்தது. கட்டை விரலை முறிக்கும் பலம். பிறகு ஆசனத்தின் அடியில் அதிர்வூட்டும் கருவி.

அந்தக் கருவியைப் போட்ட முதல் இரவு கீழ்வீட்டு அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். மருமான் சிரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் வீட்டுக்குள் வந்ததைக் கண்ணால் கண்ட பேட்டை அது. தரை அதிர்ந்தால் அங்கே யாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

"எதற்கடா இத்தனையும்?" என்றேன்.

"தத்ரூபம் மாமா! ஒவ்வொன்றும் சேரச் சேர நிஜத்துக்குக் கிட்டே போகிறது. உங்களுக்குப் புரியாது."

தத்ரூபத்தைப் பற்றி எனக்கா புரியாது? இருபது வருஷமாக அதோடு மல்லுக்கட்டியே பிழைக்கிறேன்! கிழவியின் முகத்துச் சுருக்கத்தையெல்லாம் எண்ணி எழுதியவன் எழுத்தில் கிழவி வந்ததில்லை. எந்த ஒரு சுருக்கம் வேண்டும் என்று தெரிந்தவனிடம்தான் அவள் வந்தாள். இந்த யந்திர விஷயத்திலும் அந்த ஒன்று எது என்று மருமானையே கேட்டேன். நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை: பிரேக். மலிவான பிரேக் பெடல், கால் எவ்வளவு தூரம் போயிற்று என்று அளக்கிறது. பந்தயக் காரில் வேண்டியதோ தூரம் அல்ல, அழுத்தம். தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் கால் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆகவே 'லோட் செல்' வைத்த பெடல் வேண்டும். அது என்ன தேவரகசியமா? மளிகைக் கடையின் மின்னணுத் தராசுக்குள் இருக்கிற அதே சமாசாரம். அதோடு அசையாத ஒரு பீடம். அவ்வளவுதான். மற்றதெல்லாம் சிம்மாசனத்துக்கு ஜரிகை. லிங்கின் பெட்டிக்குள் வானம் இருக்கவில்லை, விமானிகள் பிழைத்தார்கள்.

அவன் கணக்கையே பார்ப்போம். பெல்ஜியத்தில் ஸ்பா என்று ஒரு பாதை, ஏழு கிலோமீட்டர். பலகைக் காலத்தில் அதை 2 நிமிடம் 24 விநாடியில் சுற்றினான். நாலரை லட்ச ரூபாய்க்குப் பிறகு 2 நிமிடம் 23 விநாடிக்குச் சற்றுக் குறைவு. அதிலும் பாதி லாபம் பழக்கத்தால் வந்தது என்று நான் சொன்னால் அவனால் மறுக்க முடியவில்லை.

"என் பணம், என் அறை. உங்களுக்கென்ன நஷ்டம்?" என்கிறான். நஷ்டம் எனக்கல்ல, ஐயா. கேள்.

இந்த ஊரில் கார்ப் பந்தயம் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஏற்பட்டது. யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பல்லாண்டு பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்தது. 2005-ல் கோவை நாராயண் கார்த்திகேயனும் 2010-ல் சென்னை கருண் சந்தோக்கும் பார்முலா ஒன் வரை போனார்கள். அவர்கள் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் முன்னவரின் தகப்பனார் ராலி ஓட்டியவர். பின்னவரின் பாட்டனார் அந்தக் கிளப்பைத் துவக்கியவர்களில் ஒருவர். காரோடு பிறந்தவர்களின் ஆட்டம் இது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தெருக்களில் ராத்திரிப் பந்தயம் நடந்ததே, அன்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் போக வழி உண்டு?

ஒரே ஒரு திட்டிவாசல் திறந்தது. அது இந்த யந்திரம். ஜான் மார்டன்பரோ என்ற இங்கிலாந்துப் பையன், கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரின் மகன், வீட்டில் கார் விளையாட்டு ஆடியே 2011-ல் ஒரு போட்டியில் ஜெயித்து நிஜக் காரில் ஏறினான். 2013-ல் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தான். (2015-ல் ஜெர்மனியில் அவன் கார் பறந்து விழுந்து ஒரு பார்வையாளர் மாண்டார். வீட்டு யந்திரத்தில் பொத்தானை அமுக்கினால் கார் மறுபடி நிற்கும். மனிதன் நிற்க மாட்டான். எவ்வளவு லட்சம் கொட்டினாலும் அந்த நிஜத்துக்குக் கிட்டே போக முடியாது, போகவும் வேண்டாம்.) 2020-ல் ஊரடங்கின்போது நிஜப் பந்தயக்காரர்களை வீட்டிலிருந்தே ஓட்டச் சொன்னார்கள். டேனியல் ஆப்ட் என்ற ஜெர்மன் வீரர் தமக்குப் பதிலாகப் பதினெட்டு வயது வீட்டாட்டக்காரன் ஒருவனை ரகசியமாக உட்கார்த்தி வைத்தார். பையன் மூன்றாவதாக வந்துவிட்டான்! குட்டு வெளிப்பட்டு வேலையே போயிற்று அவருக்கு. நிஜ வீரரே ஆள்மாறாட்டம் செய்யும்படியான இடத்துக்கு யாரோ ஒரு பையன் வந்துவிட்டான் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தத் திட்டிவாசலில்தான் என் மருமானும் அவன் கூட்டாளிகளும் சிம்மாசனத்தைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேர் கூடினால் யார் எப்படி ஓட்டினான் என்று பேசுவதில்லை. யார் என்ன வாங்கினான் என்பதே பேச்சு. "துவங்கலாமா?" என்று புதிதாக ஒருவன் கேட்டால் முதல் பதிலே விலைப்பட்டியல்.

பொதுவாகச் சொல்லவில்லை. சீனிவாசபுரத்திலிருந்து தமக்கை வீட்டுக்குத் தண்ணீர் கேன் போட ஒரு பையன் வருவான். பதினேழு வயசு. பலகைக் காலத்தில் ஒருநாள், "அண்ணா, ஒரு தபா ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றான். மருமான் நல்லவன், உட்கார்த்தி வைத்தான். பையன் முதல் நாள் எல்லாச் சுவரிலும் மோதினான். மூன்றாவது வாரம் மருமானை அரை விநாடி முந்தினான். என் கண்ணெதிரே நடந்தது அது. பிரேக்கை விடும்போது அந்தக் கால் எவ்வளவு நிதானமாக எழுந்தது என்று இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சிம்மாசனம் வந்த பிறகு ஒருநாள் அவன் கேனை இறக்கிவிட்டு அறை வாசலில் நின்றான். "இன்னா வெலண்ணா?" மருமான் பெருமையோடு சொன்னான், "வா, உட்கார்" என்றும் சொன்னான். பையன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். ஆசனத்தைத் தொட்டான். உட்காரவில்லை.

"வேணாண்ணா. எதுனா ஒடைஞ்சா என்னால குடுக்க முடியாது."

அதற்குப் பிறகு அவன் அறைப் பக்கம் வருவதில்லை. கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறான்.

பழைய ஸ்டியரிங் எங்கே என்று மருமானைக் கேட்டேன். புதிய பெடலுக்குப் பணம் குறைந்ததென்று அடையாற்றில் யாருக்கோ பதினோராயிரத்துக்கு விற்றுவிட்டானாம். "அந்தப் பையனுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்றேன். "தோணவே இல்லையே மாமா" என்றான். நிஜமாகவே அவனுக்குத் தோன்றவில்லை; என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

பலகை மட்டும் இருந்தது, திருகு பதிந்த இரண்டு தழும்புகளோடு. தமக்கை அதை அரிசி டின்னுக்கு அடியில் போட்டிருந்தாள். கேட்டு வாங்கி வந்துவிட்டேன். ரிச்சி தெருவில் பழைய ஸ்டியரிங் ஏதாவது வந்தால் சொல்லும்படி ஒரு கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பையன் தண்ணீர் போடுவது திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும்.