தொட்டிச் செடியும் திறந்த ஜன்னலும்

வீட்டினுள் தொட்டிச் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்ற நம்பிக்கை இன்று நகரங்களில் பெரிதும் பரவியிருக்கிறது. செடி வளர்க்கும் நம் அங்கத்தினர்களில் சிலர், "காற்றைச் சுத்திகரிக்கும் செடி" என்று சீட்டு ஒட்டிச் சங்கத்தின் பெயரால் விற்றால் என்ன என்று கேட்கிறார்கள். கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.

இந்நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1989-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி. சாமந்தி, பாம்புக் கற்றாழை முதலிய செடிகளைக் காற்றுப் புகாத சிறு கூண்டுகளில் வைத்து, பென்சீன் போன்ற வாயுக்களைச் செலுத்திப் பார்த்தார்கள். வாயு குறைந்தது உண்மையே. ஆனால் நாம் குடியிருப்பது அடைத்த கூண்டில் அன்று. 2019-ல் டிரெக்சல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய சோதனைகள் பலவற்றையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். கட்டடங்களில் சாதாரணமாக உள்ள காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அப்படி வைத்தால் தறியை எங்கே போடுவது?

மேலும், நெசவாளர் வீட்டில் பெருந்தொல்லை நூலிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசியும் அடுப்புப் புகையுமே. வெயில் காலத்தில் காற்று உலர்ந்து பாவு இழை அறுகிறது என்று ஜன்னலை அடைத்துவிடுகிறோம். இழை பிழைக்கிறது, நெஞ்சு வருந்துகிறது. நெடுங்காலம் தூசியைச் சுவாசித்தால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். இதற்குப் பரிகாரம் செடி அன்று. ஜன்னலைத் திறந்து, நனைத்த சாக்கையோ வெட்டிவேர்த் தட்டியையோ தொங்கவிட்டால் காற்றும் வரும், ஈரமும் நிற்கும். தார் சுற்றும் இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்கலாம். அடுப்புப் புகை வெளியேற வழி செய்யலாம். இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. தறிக்கூடம் கட்டச் சங்கம் கடன் வழங்குமானால், எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் வைப்பதையும் ஒரு நிபந்தனையாக்க வேண்டுகிறோம்.

செடியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பசுமை கண்ணுக்குக் குளிர்ச்சி, மனத்துக்கு இதம். அந்த அழகுக்காகவே தாராளமாக விற்போம். ஆனால் கூட்டுறவின் முதல் மூலதனம் நாணயம். கலப்பு நூலைப் பட்டு என்று சொல்லி விற்க மனம் ஒப்பாத நாம், செடியை மருந்து என்று சொல்லி விற்கலாமா? அங்கத்தினர்கள் சிந்திப்பார்களாக.