வெந்நீர் பீரும் அடிபம்பும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னைக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம் என் நண்பன் ஒருத்தன் சொன்ன ஒரே ஒரு வார்த்தை. வயித்தெரிச்சல்னே வெச்சுக்கங்களேன்.

பையனுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சுன்னு நாலு நாள் கென்ட் கடற்கரையில இருக்கிற பிராட்ஸ்டேர்ஸ் போயிருந்தோம். குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச மணல் கரை, மேல டிக்கன்ஸ் தங்கி டேவிட் காப்பர்ஃபீல்டு எழுதின வீடு, கீழ சின்னதா ஒரு துறைமுகம். பையனும் தங்கமணியும் மணல்ல கோட்டை கட்டுவாங்க. நான் சாயங்காலம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிட்டு, ஊர்ல உள்ள பப்புகள்ல ரியல் ஏல் ருசி பார்க்கக் கிளம்பிடுவேன். அரை பைன்ட், அரை பைன்ட்டா. நல்ல பிள்ளையா.

மூணாவது நாள் நம்ம நண்பர் குடும்பத்தோட வந்து சேர்ந்தார். கையில சூப்பர் மார்க்கெட் லாகர் பெட்டி. நான் குடிச்சிட்டிருந்த கண்ணாடி டம்ளரைத் தொட்டுப் பார்த்துட்டுக் கேட்டான்: "மாப்ளே, வெயில் மண்டையைப் பொளக்குது, நீ என்னடா வெந்நீர் குடிச்சிட்டிருக்க? காத்துப் போன பீரு வேற!"

இந்த வசனத்தை நான் முதல் தடவை கேக்கலை. இங்கிலாந்துல நம்மாளுங்க பத்துப் பேர் கூடினா எட்டுப் பேர் சொல்றது இதான். அதனால பொதுவுல வெச்சே பதில் சொல்லிடறேன்.

முதல்ல 'வெந்நீர்'. நிலவறையில ரியல் ஏலை வெச்சிருக்கிற சூடு 11லிருந்து 13 டிகிரி செல்சியஸ். சென்னையில மார்கழி விடியற்காலைகூட அவ்வளவு குளிராது. அதுக்கே ஸ்வெட்டர், மஃப்ளர்னு கிளம்பற நாம இதை வெந்நீர்ங்கிறோம்! ரெண்டு மூணு டிகிரிக்குக் குளிர வெச்சா நாக்கு மரத்துப் போகும். மரத்த நாக்குக்கு எதைக் கொடுத்தாலும் ஒண்ணுதான். ஹாப்ஸ் வாசனையும் மால்ட்டோட லேசான இனிப்பும் தெரியணும்னா குளிர் கொஞ்சம் விலகி நிக்கணும்.

அடுத்து 'காத்துப் போனது'. உங்களுக்குப் புரியற மாதிரி இட்லி மாவை வெச்சே சொல்றேன். கெக் பீரை ஆலையிலேயே வடிகட்டி, பெரும்பாலும் சூடுபடுத்திக் கிருமி நீக்கி அனுப்புவாங்க. கடையில கேஸ் அழுத்தி அதை வெளிய தள்ளும். அது பாக்கெட் மாவு. ரியல் ஏல் வீட்டு மாவு. ஈஸ்ட் உயிரோடவே பீப்பாய்க்குள்ள வந்து, அங்கேயே ரெண்டாவது தடவை நொதிக்கும். பப்காரர் பீப்பாயை அசையாம படுக்க வெச்சு, மேல உள்ள துவாரத்துல மர ஆப்பு சொருகி, அதிகப்படி கேஸை வெளிய விட்டு, ஈஸ்ட் அடியில படியக் காத்திருப்பார். மிச்சம் இருக்கிற மெல்லிய நுரைப்பு அந்த நொதிப்புல தானா வந்தது. வெளியிலேர்ந்து ஏத்தின கேஸ் இல்லை. (படிய வைக்க மீனோட காத்துப்பையிலேர்ந்து எடுக்கிற ஐசிங்கிளாஸ் சேர்க்கிறது பழைய வழக்கம். சுத்த சைவக்காரங்க கேட்டுட்டுக் குடிங்க, அது இல்லாததும் இப்பக் கிடைக்குது.)

பீப்பாயைத் திறந்தாச்சுன்னா அப்புறம் காலத்தோட ஓட்டம்தான். ஒவ்வொரு டம்ளருக்கும் உள்ள காத்து போகும். சுமார் மூணு நாள். அதுக்குள்ள ஊர் குடிச்சு முடிக்கணும், இல்லேன்னா புளிச்சுடும். 9 கேலன் ஃபிர்கின் பீப்பாய்னா 72 பைன்ட். எழுபத்திரண்டு பேர் வரணும்யா!

முதல் நாள் சாயங்காலம் எனக்கே அது நடந்துது. ஒரு பப்ல அரை பைன்ட் வாங்கினேன். ஒரு வாய் வெச்சேன், வினிகர். பக்கத்து மேசையில ஒரு பெரியவரும் அதே ஏலைத்தான் வெச்சிருந்தார். முகத்தைச் சுளிக்கிறார், குடிக்கிறார், சுளிக்கிறார், குடிக்கிறார். ஒரு வார்த்தை கேக்கலை. நான் மெதுவா எடுத்துட்டுப் போய், "கொஞ்சம் புளிச்சிருக்குங்க"ன்னேன். பார்ல இருந்த பொண்ணு மோந்து பார்த்தா, மன்னிப்பு கேட்டா, வேற ஊத்திக் கொடுத்தா. பம்புல மாட்டியிருந்த பேர் அட்டையைப் பின்பக்கமாத் திருப்பி வெச்சா. 'இது இப்ப இல்லை'ன்னு அர்த்தம். மொத்தம் அரை நிமிஷம். பெரியவர் அதுக்கப்புறம்தான் தன் டம்ளரோட எழுந்து வந்தார். சொல்லாம குடிச்சிட்டுப் போறவர் மறுநாள் திரும்ப வரமாட்டார். பீப்பாய் இன்னும் மெதுவாக் காலியாகும், இன்னும் புளிக்கும். ரியல் ஏலைக் கொல்றதுல லாகருக்கு இருக்கிற பங்கைவிட இந்த மரியாதைக்குப் பங்கு அதிகம்னு எனக்குத் தோணுது.

மறுநாள் ஒரு மைக்ரோபப். 2005ல இதே கென்ட்ல, ஹெர்ன் கிராமத்துல ஒரு பழைய கசாப்புக் கடையில மார்ட்டின் ஹில்லியர் ஆரம்பிச்ச வகை இது. டீவி கிடையாது, பாட்டு கிடையாது. நாலைஞ்சு பெஞ்சு, பின்னாடி குளிரூட்டின சின்ன அறையில பீப்பாய்கள். சில மைக்ரோபப்ல கைபேசி அடிச்சா தர்ம உண்டியல்ல காசு போடணும். காட்ஸ் நம்பர் 5 வாங்கினேன். பீப்பாயோட குழாயைத் திறந்து நேரா டம்ளர்ல. முதல்ல பிஸ்கட் மாதிரி ஒரு சுவை, அப்புறம் நாக்கு ஓரத்துல இதமான கசப்பு. தங்கமணிக்கு ஒரு வாய் கொடுத்தேன். "என்னங்க இது, எங்க பாட்டி வெக்கிற கஷாயம் மாதிரியே இருக்கு"ன்னா. அப்புறம் இன்னொரு வாய் கேட்டா. (இதை எழுதினேன்னு அவகிட்ட யாரும் போட்டுக் கொடுக்காதீங்கப்பா.)

இப்ப விஷயத்துக்கு வரேன். பப்ல நீங்க பார்க்கிற கைப்பம்பு இருக்கே, நம்ம தெரு அடிபம்பு மாதிரி, அதுல கேஸ் கிடையாது. கையால இழுத்தா கீழ இருக்கிற பீப்பாயிலேர்ந்து ஏல் மேல வரும். அதைப் பார்த்தாலே உள்ள உயிருள்ள ஏல் இருக்குன்னு ஊருக்கே தெரியும். 2024ல கார்ல்ஸ்பெர்க் மார்ஸ்டன்ஸ் கம்பெனி 'ஃப்ரெஷ் ஏல்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. கெக்ல அடைச்ச பீர், ஆனா கைப்பம்பு வழியா வரும். மூணு நாளுக்குப் பதிலா 14 நாள் தாங்கும்னாங்க. ரியல் ஏல் இயக்கமான காம்ரா, இது குடிக்கிறவரை ஏமாத்தறதுன்னு சண்டைக்குப் போச்சு. எனக்கும் அதே கருத்துதான். கெக் பீர் விக்கிறது குத்தமே இல்லை. நல்ல கெக் பீர் நானும் குடிச்சிருக்கேன். அதுக்குன்னு இருக்கிற குழாய்ல ஊத்துங்க. பாக்கெட் மாவை ஆட்டுக்கல்லுல வெச்சு விக்காதீங்க.

'வியாபாரம் குறைஞ்ச பப்ல ஏல் வீணாப் போகுதே'ங்கிறாங்க. வாஸ்தவம். அதுக்கு வழி இருக்கு. பார்ல ஆறு பம்பு நிக்குது, நாலுல புளிச்ச ஏல். ரெண்டு பம்பு போதும். 36 பைன்ட் மட்டும் பிடிக்கிற 'பின்'ங்கிற குட்டிப் பீப்பாய் இருக்கு, அதை வாங்குங்க. இதை விட்டுட்டு செத்ததுக்கு உயிருள்ளதோட சட்டையை மாட்டி விட்டா, அடுத்த தலைமுறைக்கு வித்தியாசமே தெரியாது. தெரியாததை யார் கேப்பாங்க?

கேட்டதாலதான் இது இன்னைக்கு இருக்கு. 1971ல நாலு இளைஞர்கள் அயர்லாந்தோட மேற்குக் கரையில, டன்க்வின் கிராமத்துல லீவுக்குப் போன இடத்துல, க்ரூகர்ஸ் பார்ல உக்காந்து ஊர்ல கிடைக்கிற கெக் பீரைத் திட்டினாங்க. அந்தப் புலம்பல்தான் காம்ரா ஆச்சு. இன்னைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள். கடற்கரை லீவுல நாலு பேர் திட்டினதால ஒரு பானம் பிழைச்சிருக்கு. அப்ப நாம திட்டினா என்ன தப்பு?

அதனால இங்க இருக்கிற நம்ம மக்களுக்கு: அடுத்த தடவை கடற்கரை ஊருக்குப் போறப்போ லாகர் பெட்டியை ஒரு நாள் கார்லயே வெச்சுடுங்க. பார்ல போய் "ருசி பார்க்க ஒரு வாய் கிடைக்குமா"ன்னு கேளுங்க, பெரும்பாலும் கொடுப்பாங்க. "எது நல்லா ஓடுது"ன்னு கேளுங்க. "இது பீப்பாயா, கெக்கா"ன்னு கேளுங்க. புளிச்சிருந்தா திருப்பிக் கொடுங்க. அதுக்கப்புறமும் பிடிக்கலையா, தாராளமா லாகர் குடிங்க. ஆனா வெந்நீர்னு மட்டும் சொல்லாதீங்க.

நம்ம நண்பன் என்ன ஆனான்னு கேக்கறீங்களா? கடைசி நாள் மைக்ரோபப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். அரை பைன்ட் முடிச்சான். "பரவால்லடா, ஆனா இன்னும் கொஞ்சம் ஜில்லுனு இருந்திருக்கலாம்"னான். எதிர் பெஞ்சுல ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

டிஸ்கி: குடிக்காதவங்களைக் குடிக்கச் சொல்ற பதிவு இல்லை இது. குடிக்கிறவங்களுக்கும் ஒண்ணு: மூணாவது பைன்டுக்கு மேல எந்த ஏலும் ருசி தெரியாது. லாகர் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம், காத்திருக்கேன்.